மெட்டு யாருடையது? – சங்கரதாஸ் சுவாமிகளும் நமது இசை வரலாறுகளும்

சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி நாடக வரலாறுகள் நிறையவே பேசுகின்றன. ‘தமிழ் நாடகத் தலைமையாசிரியர்’ என்கிற பட்டத்தோடு ஒரு அத்தியாயம் அவருக்கு நிச்சயம் உண்டு. இலக்கிய வரலாறுகளில் அரைப் பக்கம் கிடைக்கும். இசை வரலாறுகளில்தான் ஆளைக் காணோம். தியாகையர், தீட்சிதர், சாமா சாஸ்திரி என்று ஒரு வரிசை. தமிழ்ப் பற்றுள்ளவர்கள் எழுதினால் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை என்று இன்னொரு வரிசை. அது கோபாலகிருஷ்ண பாரதி வழியாகப் பாபநாசம் சிவனிடம் வந்து சேரும். இரண்டிலும், நாற்பதுக்கு மேல் இசை நாடகங்களை எழுதி, பாடிக் காட்டி, பாட வைத்து, நூறு வருஷத்துக்கும் மேலாக ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்து கேட்கும்படி செய்த இந்த மனிதருக்கு இடமில்லை.

ஏன் என்று கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று, அவர் பாட்டெழுதியவர்தானே, மெட்டெல்லாம் கடன் மெட்டு என்பது. இன்னொன்று, வெளியே சொல்லாமல் மனசுக்குள் வைத்திருப்பது: அதெல்லாம் டிராமா பாட்டு, கூத்தாடிப் பாட்டு. இரண்டாவது பதிலுக்குப் பின்னால் எந்தச் சாதியும் எந்தச் சபாவும் நிற்கின்றன என்று இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. முதல் பதிலோடுதான் எனக்கு வழக்கு. ஏனென்றால் அதை நம்மவர்களும், கூத்தையும் நாட்டார் கலையையும் தூக்கிப் பிடிக்கிறவர்களும்கூட, யோசிக்காமல் ஒத்துக்கொண்டு விடுகிறார்கள்.

முதலில் ஆள் யார் என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1867 செப்டம்பர் 7 அன்று தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். தந்தை தாமோதரனிடம் முதல் பாடம். பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பு. வண்ணம், சந்தம் என்று ஓசையை அளந்து அளந்து பழகிய புலமை மரபு அது. கூடப் படித்தவர் உடுமலை முத்துசாமிக் கவிராயர். அவரும் பின்னால் நாடகத்துக்கு வந்தவர்தான். பதினாறு வயதிலேயே வெண்பாவும் கலித்துறையும் எழுத ஆரம்பித்துவிட்ட பையனுக்குக் கிடைத்த வேலை, தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதுவது. 24 வயது வரை அந்த வேலை. 1891இல் அதை விட்டுவிட்டு நாடகத்துக்குப் போனார்.

1891 என்கிற இந்த வருஷத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ அச்சாகி வந்தது அந்த வருஷம். படிப்பதற்கென்றே எழுதப்பட்ட நாடகம் அது. பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியதும் அதே வருஷம். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் சாயங்காலம் வந்து நடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற சபை. கூலிக்கு நடிப்பது கௌரவக் குறைவு என்று கருதிய சபை. காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் இறந்ததும் 1891. நவீனத் தமிழ் நாடகம் அந்த வருஷத்தில் புத்தகமாகவும் கிளப்பாகவும் ஒரு வாசலில் நுழைந்துகொண்டிருந்தபோது, உப்புக் கணக்குப் பிள்ளை ஒருவர் கூலிக்கு வேஷம் கட்டுகிற கூட்டத்தோடு இன்னொரு வாசலில் போய்ச் சேர்ந்தார். நமது வரலாற்று ஆசிரியர்கள் முதல் வாசலில் நின்றுகொண்டுதான் இரண்டாவதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

அவர் முதலில் நடிகர். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று பயங்கரமான வேஷங்கள். சனீஸ்வரன் வேஷம் பற்றி ஒரு கதை எல்லோரும் சொல்வார்கள். விடிகாலையில் வேஷத்தைக் கலைக்கக் குளத்துக்குப் போனார். தண்ணீருக்கு வந்த கர்ப்பிணி ஒருத்தி அந்தக் கோலத்தைப் பார்த்துப் பயந்து கரு கலைந்துவிட்டது. அன்றோடு வேஷம் கட்டுவதை விட்டார் என்று. நடந்ததா இல்லையா என்பது கிடக்கட்டும். இந்தக் கதை என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். நடிகனின் உடம்பு அபாயகரமானது, தீட்டு மாதிரி தொற்றக்கூடியது என்கிற ஊர்ப் புத்தியை அது ஒத்துக்கொள்கிறது. ஒத்துக்கொண்டு, அந்த உடம்பைக் கழற்றி வைத்துவிட்டுத் துறவியாகிற ஒருவரைக் காட்டுகிறது. தீர்த்த யாத்திரை போனார், ‘சுவாமிகள்’ ஆனார். கூத்தாடி என்று ஒதுக்கப்பட்ட ஒரு தொழில் தனக்கொரு மரியாதைப்பட்ட மூதாதையைத் தேடும்போது அவர் காவி கட்டியவராக இருந்தது ரொம்ப வசதியாகப் போயிற்று. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அவமானத்தில் கிடந்த ஒரு கூட்டம் தலை நிமிர இந்தப் பெயர் உதவியிருக்கிறது. ஆனால் ‘சுவாமிகள்’ என்கிற இதே பெயர்தான் அவரை இசைக்காரராகப் பார்க்க விடாமலும் செய்திருக்கிறது. ஞானி பாடினால் அருள் என்று விட்டுவிடுவோம். தொழில் என்ன, நுட்பம் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

தொழிலைக் கற்ற இடம் புதுக்கோட்டை. யாத்திரைக்குப் பிறகு அங்கே மான்பூண்டியா பிள்ளையிடம் வந்து சேர்ந்தார். கஞ்சிராவைக் கச்சேரி வாத்தியமாக ஆக்கியவர் மான்பூண்டியா பிள்ளை. லயக் கணக்கில் பெரிய பெரிய வித்துவான்களை மிரட்டியவர். சுவாமிகளைத் தன் மகனாகவே வைத்துக்கொண்டு தாள நுட்பத்தைச் சொல்லிக் கொடுத்தார் என்றும், மறுபடி நாடகத்துக்குப் போகச் சொன்னவரும் அவர்தான் என்றும் சொல்கிறார்கள். பழனியில் கற்ற சந்தமும் புதுக்கோட்டையில் கற்ற லயமும் ஒரே ஆளிடம் வந்து கூடியது இப்படித்தான். ஒன்று எழுத்தைச் சார்ந்த ஓசைக் கணக்கு, இன்னொன்று கையைச் சார்ந்த காலக் கணக்கு. இரண்டும் தெரிந்த ஒருவர் பாட்டு எழுதும்போது, சொல் எங்கே விழ வேண்டும், மூச்சு எங்கே விட வேண்டும் என்பது எழுதும்போதே முடிவாகிவிடுகிறது.

இனி மெட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம், அதாவது விருத்தாசலத்துக்குத் தெற்கே கருவேப்பிலங்குறிச்சி, வெள்ளாற்றங்கரை ஊர்கள், தெருக்கூத்து பூமி. சுவாமிகளின் இசை நாடகம் செழித்தது மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கம். ஆனாலும் ஹார்மோனியம் கூத்துக்குள் நுழைந்தபோது கூடவே ‘டிராமா மெட்டு’ம் நுழைந்துவிட்டது. முகவீணை ஓய்ந்துபோன கூத்துகளில் இன்றைக்கு அதுதான் பாதி ராத்திரியைத் தூக்கி நிறுத்துகிறது. ஹார்மோனியக்காரர் ஒருவரிடம், எழுபது வயசுக்கு மேலிருக்கும், ஒரு தடவை கேட்டேன்.

“இந்த நாரதர் பாட்டுக்கு மெட்டுப் போட்டது யாருங்க ஐயா?”

“மெட்டா? மெட்ட யாரு தம்பி போடறது? அது பாட்டுக்கு இருக்குது. வாத்தியாரு அதுல பேச்ச ஏத்துனாரு.”

“யாரு வாத்தியாரு?”

“சங்கரதாஸ் சாமிதான். அவரு எழுத்துன்னா வாய் தானா போவும் தம்பி. ஆர்மோனியம் பின்னால போனாப் போதும்.”

பேச்சை ஏற்றுவது. எத்தனையோ இசை விமர்சனப் புத்தகங்களில் எனக்குக் கிடைக்காத கலைச்சொல் இது. இசையமைப்பாளர் என்கிற வார்த்தை நமக்கு சினிமா கொடுத்தது. அங்கே மெட்டு முதலில் ஒரு தனி ஆளின் சொத்தாக உருவாகிறது. அப்புறம் இன்னொரு ஆள் அதற்கு வார்த்தை போடுகிறார். இரண்டு பேருக்கும் டைட்டில் கார்டில் தனித்தனி இடம், தனித்தனிக் கூலி. கர்நாடக சங்கீதத்தில் வாக்கேயக்காரர் என்று ஒருவர். சொல்லும் இசையும் ஒரே ஆளுடையது, கடைசி வரியில் முத்திரையும் வைத்துக்கொள்வார். இரண்டுமே உடைமையின் இலக்கணம். நாடகப் பாட்டு இந்த இரண்டிலும் அடங்காது. கும்மி, நொண்டிச் சிந்து, காவடிச் சிந்து, ஆனந்தக் களிப்பு, தெம்மாங்கு என்று ஊரில் கிடந்த மெட்டுகள். கோயிலிலும் மேளத்திலும் கேட்ட கீர்த்தனை மெட்டுகள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊர் ஊராக வந்த பார்சி, மராத்திக் கம்பெனிகள் விட்டுப் போன இந்துஸ்தானி மெட்டுகள். இவை எல்லாமே பொதுவில் கிடந்தன. மலிவுப் பதிப்பு நாடகப் புத்தகங்களைப் பார்த்தால் பாட்டின் தலையில் ராகம், தாளம் போட்டு, இன்ன மெட்டு என்று இன்னொரு பாட்டின் பெயரும் போட்டிருக்கும். அந்தப் பழைய பாட்டு வாங்குகிறவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அதன் அர்த்தம். ஸ்வரம் எழுதத் தேவையில்லை. ஜனங்களின் காதுதான் ஸ்வரப் புத்தகம்.

இதைக் கடன் என்று சொல்வது அபத்தம். பாரதியும் தன் பாட்டுகளுக்கு மேலே மெட்டின் பெயரைப் போட்டவர்தான். நொண்டிச் சிந்தில் எழுதினான் என்பதற்காக பாரதியை யாரும் கடனாளி என்பதில்லை, ஜனங்களிடம் போனான் என்று கொண்டாடுகிறோம். சரியாகவே கொண்டாடுகிறோம். அதே காரியத்தை நாடகக் கொட்டகையில் செய்தவருக்கு வேறு தராசு.

பேச்சை ஏற்றுவதில் என்ன வேலை இருக்கிறது? வள்ளி திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிகாலை வரை போகும். கதையாகப் பார்த்தால் ஒன்றுமில்லை: தினைப்புனம், நாரதர் வருகிறார், வேடன் வருகிறான், கிழவன் வருகிறான், கல்யாணம். எல்லோருக்கும் முடிவு தெரியும். அப்படியிருந்தும் ஜனங்கள் எழுந்து போகாமல் இருப்பது பேச்சு எப்படி ஏறி இறங்குகிறது என்பதால். வசனம் தரையில் நடக்கிறது. அது கொஞ்சம் நிமிர்ந்தால் விருத்தம். தாளம் கிடையாது, ராகம் மட்டும், நடிகன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். விருத்தம் முடிகிற சொல்லைப் பிடித்துக்கொண்டு மிருதங்கம் விழுந்தால் பாட்டு. இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் பாட்டு பாதியாகப் பிரிந்து கேள்வியும் பதிலுமாகத் தர்க்கம். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கம் மணிக்கணக்கில் நீளும். ஊர்க்காரர்கள் அதற்காகவே இன்ன நாரதர் வேண்டும், இன்ன வள்ளி வேண்டும் என்று பேர் சொல்லி புக் பண்ணுவார்கள். எந்த இடத்தில் நடிகனை அவிழ்த்துவிடுவது, எந்த இடத்தில் கட்டுவது என்பது பிரதியிலேயே இருக்கிறது. காப்பி, பியாக், ஜோன்புரி, செஞ்சுருட்டி என்று கேட்டவுடன் ஒட்டிக்கொள்கிற ராகங்கள் எந்தச் சூழ்நிலைக்கு எது என்பதும்தான். எட்டு மணி நேரத்துக்கு ஒரு கூட்டத்தின் தூக்கத்தையும் விழிப்பையும் கணக்கிட்டு ஒழுங்கு செய்கிற வேலைக்கு இசையமைப்பு என்று பெயர் இல்லையென்றால் வேறெதற்கு அந்தப் பெயர்?

சொல்லைப் பற்றியும் ஒரு கதை உண்டு. கோவலன் நாடகத்தில் மதுரையை ‘மாபாவியோர்’ வாழும் ஊர் என்று எழுதியிருந்தார். மதுரையிலேயே மேடையேறியபோது எங்கள் ஊரை எப்படி அப்படிச் சொல்லலாம் என்று ஆட்சேபணை கிளம்பியது. மா என்றால் திருமகள், பா என்றால் கலைமகள், வி என்றால் மலைமகள்; மூவரும் வாழும் மதுரை என்றுதான் எழுதினேன் என்று பதில் சொன்னாராம். சிலேடைப் புலவரின் சாமர்த்தியம் என்று இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அதில் கொட்டகைதான் தெரிகிறது. பாட்டின் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று சண்டை போடுகிற ஆடியன்ஸ் இருந்திருக்கிறது. கச்சேரி சபாக்களில் சாகித்தியம் புரியாமலேயே தலையாட்டிக்கொண்டிருந்த காலத்தில் இது நடந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இதுவரை சொன்னதில் சுவாமிகள் ஒரு பொதுச் சொத்தின் காவலர் மாதிரித் தெரிவார். அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியாது. சாமி நாயுடு சபையில் நடிகராகவும் ஆசிரியராகவும் இருந்தார். வள்ளி வைத்தியநாதய்யர், அல்லி பரமேசுவரய்யர் கம்பெனிகளுக்கு எழுதினார். 1910இல் சமரச சன்மார்க்க சபையைத் தொடங்கினார். சின்னப் பையனாக இருந்த எஸ்.ஜி. கிட்டப்பா பழகியது அங்கேதான். பெரியவர்களை வைத்து நடத்தியதில் அவருக்குச் சலிப்பு வந்துவிட்டது. ராஜபார்ட்டுகள் இஷ்டத்துக்கு வருவது, இஷ்டத்துக்குப் பேசுவது, பாடத்தை விட்டுவிட்டு மேடையில் ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவது. எழுதினவன் எழுத்துக்கு மதிப்பில்லை. அதற்கு அவர் கண்ட மருந்து பாய்ஸ் கம்பெனி. ஜெகந்நாதய்யர் கம்பெனிக்குப் பிறகு, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. அங்கேதான் டி.கே.எஸ். சகோதரர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அப்போது டி.கே. சண்முகத்துக்கு வயது ஆறு.

சிறுவர்களின் தொண்டை வாத்தியார் சொன்னபடி கேட்கும். அவர் பாடிக் காட்டுவார், அவர்கள் திருப்பிப் பாடுவார்கள், அப்படியே பதியும். பெற்றவர்கள் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கம்பெனி வீட்டில் சாப்பாடு, கம்பெனி வீட்டில் தூக்கம், கம்பெனி வீட்டில் அடி. பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்களின் நினைவுக் குறிப்புகளைப் படித்தால் பக்தியும் பயமும் ஒரே வாக்கியத்தில் வரும். ஃபூக்கோ பள்ளிக்கூடத்தையும் பட்டாளத்தையும் பற்றிச் சொன்னதை இந்தக் கம்பெனி வீட்டுக்குள் வைத்துப் படிக்க ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. இதில் கொடுமையான இடம் மகரக்கட்டு. பையனுக்குப் பதிமூன்று, பதினாலு வயசில் குரல் உடையும். உடைந்தால் வள்ளியும் போச்சு, அபிமன்யுவும் போச்சு. குரல் திரும்பி வந்தால் ராஜபார்ட், வராவிட்டால் திரை இழுக்கலாம். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கிற உச்ச சுருதியில், குரல் உடையாத தொண்டைகளுக்காகத்தான் சுவாமிகளின் கடைசிக் காலப் பாட்டுகள் எழுதப்பட்டன. அந்த இனிமைக்கு அந்தப் பிள்ளைகள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை நமது நாடக வரலாறுகள் குருகுலம் என்கிற ஒரு வார்த்தையில் மூடி வைத்திருக்கின்றன.

அபிமன்யு சுந்தரி அந்தக் காலத்து எழுத்து. சண்முகத்துக்காகவே எழுதப்பட்டது. விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒரே ராத்திரியில், பாட்டும் வசனமுமாக முழு நாடகத்தையும் எழுதி முடித்தார் என்று சண்முகம் சொல்லியிருக்கிறார். மேதைமைக்கு அடையாளமாக இதைச் சொல்வது வழக்கம். மேதைமைதான், மறுக்கவில்லை. ஆனால் மெட்டு தலைக்குள் ஆயிரம் இருந்து, சந்தம் கைக்குப் பழகி, எந்தப் பையனுக்கு எந்த சுருதி என்றும் தெரிந்திருந்தால் ஒரு ராத்திரி போதும். தையல்காரர் அளவெடுத்த துணியை வெட்டுவது மாதிரி. மொத்தம் எத்தனை நாடகம் என்பதில் 40 என்பாரும் உண்டு, 50 என்பாரும் உண்டு, 68 என்பாரும் உண்டு. எழுதினவர் எண்ணி வைக்கவில்லை. முத்திரை வைப்பவர்களுக்குத்தான் எண்ணிக்கை முக்கியம்.

ஒழுங்குக்காகப் பாடுபட்டவரின் பிரதி கடைசியில் யாரிடம் போய்ச் சேர்ந்தது? ஒழுங்குக்கு அடங்காதவர்களிடம். ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு முறை இருக்கிறது. கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ஊர்க்காரர்கள் மதுரையிலிருந்து ஒரு ராஜபார்ட், திண்டுக்கல்லிலிருந்து ஒரு ஸ்திரீபார்ட், காரைக்குடியிலிருந்து ஒரு பபூன் என்று தனித்தனியாக புக் பண்ணுவார்கள். அன்று சாயங்காலம்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பத்து மணிக்கு வள்ளி திருமணம். எப்படி முடிகிறது? எல்லோருக்கும் ஒரே பாடம் தெரியும் என்பதால். இந்த முறையை 1990களில் மதுரையில் தங்கி ஆராய்ந்த சூசன் சைசர் அந்தக் கலைஞர்கள் படுகிற அவமானத்தை மையமாக வைத்து 2005இல் ஒரு புத்தகமே எழுதினார். நான் சொல்ல வருவது அதன் இசைப் பக்கம். சுவாமிகளின் நாடகங்கள் தென் மாவட்டங்களில் ஒரு பொது மொழியாக ஆகிவிட்டன. அதைக் கற்றுக்கொண்டவன் எந்த முதலாளிக்கும் ஒப்பந்தம் எழுதித் தராமல், ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி வாங்கிக்கொண்டு பிழைக்க முடிந்தது. பெண்களும் இதில் வந்தார்கள். அயன் ஸ்திரீபார்ட் என்று பெண் ஒருத்தி தன் பெயரில் ரேட் பேச முடிந்த வேலை அந்தக் காலத்தில் வேறென்ன இருந்தது? ஊர் அதற்காக அவளைச் சும்மா விடவில்லை என்பதும் உண்மை. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து கொட்டகைகளை நிரப்பியது இந்த உலகத்தில்தான். கிராமபோன் தட்டு விற்றவர்கள் வந்து குரலைப் பிடித்துக்கொண்டு போனதும் இங்கிருந்துதான்.

பாடம் பொதுவாக இருந்ததால்தான் அதில் வேறு சரக்கும் ஏற்ற முடிந்தது. வள்ளி தினைப்புனத்தில் குருவி விரட்டுகிற ஆலோலக் காட்சியில், கொக்கை விரட்டுகிற சாக்கில் வெள்ளைக்காரனை விரட்டினார்கள். மதுரகவி பாஸ்கரதாஸ் இந்த மாதிரிப் பாட்டுகளை எழுதினார். விசுவநாததாஸ் மேடையில் நின்று பாடினார். முருகன் வேஷத்தோடு கதர்ப் பாட்டு. பாட்டு முடிவதற்குள் போலீஸ். 1876ஆம் வருஷத்து நாடகச் சட்டம் பிரதியைப் பார்த்துத் தடை செய்யலாம். வள்ளி திருமணத்தை என்னவென்று தடை செய்வது? விசுவநாததாஸ் நாவிதர் சாதியில் பிறந்தவர். தேசமே அவர் பாட்டைக் கேட்டுக் கொந்தளித்தபோதும் அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்கச் சாதி பார்த்து மறுத்த நடிகைகள் இருந்தார்கள். பலமுறை சிறைக்குப் போன அவர் 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர் விட்டார். சுவாமிகள் எழுதிய பாட்டு, பாஸ்கரதாஸ் நுழைத்த பாட்டு, விசுவநாததாஸ் அந்த ராத்திரிக்கு மாற்றிப் பாடிய பாட்டு: இதில் எதை யார் பெயரில் எழுதி வைப்பீர்கள்? ஆசிரியன் செத்துவிட்டான் என்று பாரிசில் பார்த் அறிவிப்பதற்கு வெகு காலம் முன்னாலேயே இங்கே அவரைக் கும்பிட்டுத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பின்னணியில் தமிழிசை இயக்கத்தைப் பார்க்க வேண்டும். அதே 1940இல்தான் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தடை செய்தது. தடை தளர்ந்தது 1971இல். சுருதி சுத்தமில்லாத அந்நிய வாத்தியம் என்று காரணம். நாடக மேடையின் பிரதான வாத்தியத்துக்கு முப்பது வருஷம் வானொலியில் வாசல் அடைத்துக் கிடந்தது. 1941இல் எங்களுக்குக் கிழக்கே சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், தமிழில் பாட்டு வேண்டும் என்று மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். நியாயமான கலகம்தான், அதன் பக்கம் நிற்கிறவன் நான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. தமிழில் பாட்டு இல்லை என்ற புகாருக்கு எதிராகத் தேவாரத்தையும் கீர்த்தனைகளையும் தேடித் தொகுத்த அந்த நாட்களில், ஊர் ஊராக ஒவ்வொரு கோடையிலும் ராத்திரி முழுக்கத் தமிழில் மட்டுமே பாடிக்கொண்டிருந்த கொட்டகை அவர்கள் காதில் ஏன் விழவில்லை? கச்சேரி மேடையில் தமிழுக்கு நாற்காலி கேட்டார்கள். கச்சேரி மேடையே இசையின் அளவுகோலா என்று கேட்கவில்லை.

சுவாமிகள் இதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை. கடைசியில் பக்கவாதம் வந்து கை கால் முடங்கியது, பேச்சும் போயிற்று. வாயால் பாடிக் காட்டியே பாடம் வைத்தவருக்கு வாய் போனது. கம்பெனி ஊர் ஊராகப் போனபோது அவரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். பேச முடியாத வாத்தியாருக்குப் பக்கத்தில் பிள்ளைகள் அவர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் இறந்தார். வயது 55. சமாதி அங்கே கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. பாரதிக்குக் குயில் பாட்டுத் தந்ததாகச் சொல்லப்படும் தோப்பும் கருவடிக்குப்பம்தான். பாரதி இறந்து ஒரு வருஷம் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. புதுச்சேரிக்கு இலக்கிய யாத்திரை போகிற நண்பர்கள் தோப்பைக் கேட்டுக்கொண்டு போவார்கள், சமாதியைக் கேட்பதில்லை.

புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1980களின் கடைசியில் நிகழ்கலைப் பள்ளி தொடங்கி அவர் பெயரை வைத்தது. முதலில் பொறுப்பேற்றவர் இந்திரா பார்த்தசாரதி. சென்னையில் நடிகர் சங்கத்து அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2019இல் அந்தச் சங்கத் தேர்தலில் போட்டியிட்ட ஒரு அணிகூட ‘சுவாமி சங்கரதாஸ் அணி’ என்று பெயர் வைத்துக்கொண்டது, சினிமா ஸ்டார்கள். மதுரைத் தமுக்கத்தில் சிலை. அந்தச் சிலைக்கு மாலை போட்டு வருஷா வருஷம் குருபூஜை நடத்துகிறவர்கள் ஸ்பெஷல் நாடக நடிகர்கள். மாசி பங்குனியில் தொடங்கும் சீசனுக்கு டைரியில் தேதி குறித்துக்கொண்டு, கார்த்திகை மார்கழியில் கடன் வாங்குகிறவர்கள். பாடம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஒரே நாரதர் பாட்டை மதுரைக்காரர் ஒரு மாதிரியும் புதுக்கோட்டைக்காரர் ஒரு மாதிரியும் பாடுவார்கள். எது அசல் என்று கேட்டுக்கொண்டு ஸ்வரப்படுத்தக் கிளம்பியிருக்கிற ஆராய்ச்சியாளர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இருவரையும் உட்கார வைத்து, ஹார்மோனியக்காரரையும் உட்கார வைத்து, விடிய விடிய முழு ராத்திரிக்கும் பதிவு செய்தால் போதும். ராத்திரிக் கூலியைக் கையில் கொடுத்துவிட்டு.